கேட்டுக்கொண்டிருந்தவர்

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் ‘ரெண்டுதரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. இந்தப் பட்டப்பெயர் அவர் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது. அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தார். ஆனால் ஏசி மெக்கானிக் இரண்டு இடத்துக்கும் பொதுவானவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே படிக்கட்டில் பார்த்து, “அட, ரெண்டுதரம்! இங்கயா இருக்கீங்க?” என்று மாடி அதிரக் கூப்பிட, கதை முடிந்தது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எதையும் இரண்டுதரம் பார்க்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நான்கு எட்டு நடப்பார். திரும்பி வந்து மறுபடி இழுப்பார். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையை அடித்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். உதடு அசைய அதை இரண்டுதரம் வாசித்த பிறகுதான் என்டர் பக்கம் விரல் போகும். தன் கல்யாணப் பத்திரிகையை ஒரே ஆளுக்கு இரண்டுதரம் கொடுத்தவர் என்று ஒரு கதை உண்டு. அது பொய். கொடுத்துவிட்டோமா என்று அந்த ஆளிடமே இரண்டுதரம் போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் கையால்தான் இருநூற்றுப் பதினான்கு பேருடைய குரல் அழிந்துபோனது என்று எட்டு வருஷமாக எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அது தொண்டை ஆஸ்பத்திரி. புற்று வந்து, குரல்வளையை முழுசாக எடுத்தே தீரவேண்டும் என்று தேதி குறித்தவர்களை, ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. நாற்பது நிமிஷம். முதலில் எண்கள், கிழமைகள், பிறகு எழுதிக்கொடுத்த வாக்கியங்கள். கடைசிப் பத்து நிமிஷம் அவர்கள் இஷ்டம். சிலர் பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு தபால்காரர், தான் முப்பது வருஷம் நடந்த தெருக்களின் பெயரையெல்லாம் வரிசை பிசகாமல் சொல்லிவிட்டு எழுந்து போனாராம். இந்தப் பதிவுகளை வைத்து, கையடக்கக் கருவி ஒன்று அவரவர் குரலிலேயே பேசும்படி பிற்பாடு செய்து தருவதாகத் திட்டம். கருவி வர ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை குரல்கள் சர்வர் அறையில் பத்திரமாக இருக்கவேண்டும். அது ரெண்டுதரத்தின் பொறுப்பு.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் பதினைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல ஏற்பாடு செய்திருந்தார்கள். உள்ளே ஓடுபவற்றைக் ‘குட்டி’ என்பார்கள். “மூணாம் குட்டி படுத்துருச்சு, கொஞ்சம் எழுப்பிவிடுங்க” என்று தினமும் போனில் பேச்சு நடக்கும். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியின் அண்ணி இதைக் காதில் வாங்கிவிட்டு, “ஆஸ்பத்திரிக்குள்ள நாய் வளக்கலாமா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

ஒவ்வொரு குட்டிக்கும் தனி ஃபோல்டர் உண்டு. ஒரு குட்டிக்குக் குரல் பதிவுகள் வேண்டுமென்றால், பொதுக் கிடங்கிலிருந்து அதன் ஃபோல்டருக்குள் ஒரு வழி திறந்துவிடுவார்கள். அதற்கு மவுண்ட் என்று பெயர். பதிவுகள் இடம் மாறாது. குட்டிக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். குட்டியை நிறுத்தும்போது முதலில் அந்த வழியை மூடவேண்டும். பிறகுதான் அதன் ஃபோல்டரைத் துடைத்து எடுக்கவேண்டும். இதையெல்லாம் அடுத்தடுத்துச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைகளின் வரிசை, அவ்வளவுதான் அது. யாரோ எங்கோ எழுதி, உலகம் முழுக்க எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களும் ஓட்டினார்கள்.

அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பு ஒன்றரை வருஷம் அவர் அவளைக் குரலாக மட்டும்தான் அறிவார். “சர்வர் ரூமா? லைன்ல இருங்க” என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே, “எனக்கு ஏதாவது கால் வந்துச்சா?” என்று கூப்பிடுவார்.

“இப்பதான கேட்டீங்க?”

“இல்ல, இன்னொரு தரம் கேட்டுக்கலாம்னு…”

பட்டப்பெயர் பரவியதில் அவளுக்கும் பங்கு உண்டு.

மகளுக்கு மூன்று வயதாகும்போது மனைவியின் குரல் கம்மத் தொடங்கியது. நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கிறது என்றே மூன்று மாதம் நினைத்தார்கள். அப்புறம் அவளுக்கும் தேதி குறித்தார்கள். பஞ்சு அறையில் நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வந்தவளிடம், என்ன பேசினாய் என்று கேட்டார். “கருவி வரட்டும், அப்ப கேட்டுக்கோங்க” என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டினாள். மகளுக்கு ஒரு தட்டு, அவருக்கு இரண்டு. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வண்டு முரல்வதுபோல அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் குழந்தை வீலென்று அழுதது. அன்றே அதை அலமாரிக்குள் தூக்கி வைத்துவிட்டாள். உதட்டசைவிலும் துண்டுக் காகிதத்திலுமாகக் குடும்பம் ஓடியது.

இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை, ஏழாம் குட்டி இனித் தேவையில்லை, சாயங்காலத்துக்குள் நிறுத்திவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. பதிவுகளைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த குட்டி அது. நோயாளிகளின் பதிவை அனுமதியில்லாமல் கேட்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அவரும் அதுவரை மீறியவரல்ல. ஆனால் அன்று காலை மகள், “அம்மா பேச்சு எங்கப்பா போச்சு?” என்று கேட்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏழாம் குட்டியின் ஃபோல்டர் வழியாக உள்ளே போய், மனைவியின் பதிவைத் திறந்தார்.

எண்கள் வந்தன. கிழமைகள் வந்தன. நான்கு மணி சுமாருக்கு மேலாளர் அம்மா போன் செய்து, “இன்னும் நிறுத்தலையா?” என்றார். “இதோ மேடம்” என்று சொல்லி, ஹெட்போனைக் கழற்றாமலே பக்கத்து விண்டோவில் கட்டளையை அடித்தார். கையை மடியில் வைத்து இரண்டுதரம் வாசித்தார். சரியாகத்தான் இருந்தது. என்டரைத் தட்டினார். ஏழாம் குட்டி நின்றது. அதன் மிச்சசொச்சமாகக் கிடந்த இரண்டு ஃபோல்டர்களையும் கையோடு அழித்தார். காதில் மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த விண்டோவை மூடினார்.

ஐந்து மணிக்குக் கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தது. “சார், ஒரு பதிவையும் காணோம்.”

இன்னொரு இயந்திரத்தில் நகல் இருந்தது. ஆனால் அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிடங்கைப் பார்த்துத் தன்னையும் அதேபோல மாற்றிக்கொள்கிற நகல். கிடங்கு காலியானதும் அதுவும் சொன்ன பேச்சுக் கேட்டுக் காலியாகியிருந்தது.

மூன்று பேர் விசாரித்தார்கள். அவருடைய லாகினிலிருந்து, நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் அழிந்திருந்தது. அதே நிமிஷம் அவர் கையால் இரண்டு ஃபோல்டர்களை அழித்ததும் உண்மை. அதில் ஒன்றின் பெயரைத் தப்பாக அடித்திருப்பார் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

“அந்த ஸ்கிரிப்ட ஊர் உலகமெல்லாம் ஓட்டுறாங்க. எங்கயும் இப்படி ஆனதா கேள்விப்படல” என்றார் மேலாளர் அம்மா. நல்ல மனுஷி, குரல் உயரவே இல்லை. “நீங்க அடிச்சதுல தப்பு வந்திருக்க வாய்ப்பு இருக்கா?”

“ரெண்டுதரம் பாத்தேன் மேடம்.”

“வாய்ப்பே இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?”

காதில் அவள் குரல். கண் முழுக்கத் தண்ணீர். அந்த நேரத்தில் அடித்தது. “அடிச்சுச் சொல்ல முடியாது மேடம்” என்றார்.

ஹெட்போன் விஷயத்தை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

எல்லோருக்கும் தகவல் போனது. வந்தார்கள். பேச முடியாத ஒரு கூட்டம் வராந்தாவில் நின்றது. கூட வந்தவர்கள்தான் கத்தினார்கள். தபால்காரர் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ‘யார்?’ என்று எழுதிக் காட்டினார். ரெண்டுதரம், “நான்தாங்க” என்றார். தபால்காரர் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, ‘சரி. சாப்பிட்டீங்களா?’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கத்தினவர்கள் ரெண்டுதரத்துக்கு மறந்துபோனார்கள். அந்தக் காகிதத்தை மறக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். ‘எல்லாமா?’ என்று உதடு கேட்டது. தலையாட்டினார். ‘என்னுதுமா?’ அதற்கும் தலையாட்டினார். அவள் கத்தியை எடுத்து மிச்சக் காயையும் நறுக்கி முடித்தாள். அவள் திட்டவில்லை, அழவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அவர் கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கும்போது, முன்பெல்லாம் சிரிப்பவள், இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தார். அங்கே எதையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டுதரம் பார்ப்பது நான்குதரம் ஆனது. கேஸை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவார். மகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாளா என்று கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். தன் கையைத் தானே நம்பாத ஆளாகிவிட்டார். குடிநீர் அலுவலகத்தில் இடம் இருக்கிறது என்று மைத்துனர் வற்புறுத்தியதால்தான் மறுபடி இந்தத் தொழிலுக்கே வந்தார்.

அங்கே ஒரு புதன்கிழமை காலை மீட்டர் பிரிவிலிருந்து புகார் வந்தது. நிறுத்திய குட்டிகளின் ஃபோல்டர்கள் போகாமல் குவிந்துகிடக்கின்றன, அறுபத்து மூன்று மவுண்ட்கள் அப்படியே நிற்கின்றன, சரிசெய்து தரவும். சாதாரண வேலை. ஸ்கிரிப்டைத் திறந்தார். முதல் வரியில், ஓட்டும்போதெல்லாம் திரையில் வந்து நிற்கும் அறிவிப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைப் பார்த்ததும் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓட்டிய அதே ஸ்கிரிப்ட். அங்கே அதை ஆயிரம்தரம் ஓட்டியிருக்கிறார். திறந்து படித்ததில்லை. தான் அடித்ததை இரண்டுதரம் வாசிக்கிறவர், அடுத்தவர் எழுதியதை ஒருதரம்கூட வாசிக்கவில்லை.

வரி வரியாகக் கீழே படித்துக்கொண்டு வந்தார். வழியை மூடச் சொல்லும் வரி வந்தது. சில நேரம் வழி ஏற்கெனவே மூடியிருக்கும். மறுபடி மூடச் சொன்னால் இயந்திரம் பிழை என்று முணுமுணுக்கும். எழுதினவருக்கு அது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். என்ன பிழை வந்தாலும் வெளியே சொல்லாதே, அடுத்த வரிக்குப் போ என்று அதன் வாயைக் கட்டியிருந்தார். அடுத்த வரி, ஃபோல்டரையும் அதற்குள் இருக்கிற அனைத்தையும் அழி என்றது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே யாராவது ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால் வழியை மூட முடியாது. உபயோகத்தில் இருக்கிறது என்று இயந்திரம் மறுத்துவிடும். அந்த மறுப்பை இந்த ஸ்கிரிப்ட் விழுங்கிவிடுகிறது. வழி திறந்தே கிடக்க, துடைக்கிற கை அதன் வழியாகக் கிடங்குக்குள்ளேயே போய்விடும். குடிநீர் அலுவலகத்தில் எல்லா மவுண்டுக்கும் படிக்க மட்டும்தான் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை. அதனால்தான் இங்கே வெறும் குப்பை சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அழிக்கவும் அனுமதி இருந்தது.

சோதித்துப் பார்த்தார். ஒரு சோதனைக் குட்டி. ஒரு ஃபோல்டரில் பத்துக் கோப்புகள். ஒலிக்கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. அலுவலகத்தின் விளம்பர அறிவிப்புதான் கையில் கிடைத்தது. அதை ஓடவிட்டுக் குட்டியை நிறுத்தினார். திரையில் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. ஃபோல்டரைப் பார்த்தார். பத்தும் போயிருந்தன.

ஆனால் ஹெட்போனில் அறிவிப்பு நிற்கவில்லை. “குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர். குழாய்களைத் திறந்துவிட்டுச் செல்லாதீர்” என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு மிச்சமும் விளங்கியது. அழித்த கோப்பை யாராவது திறந்து வைத்திருந்தால், அது உடனே போய்விடாது. பட்டியலிலிருந்து பெயர் மறையும். திறந்தவர் மூடும்வரை உள்ளே இருப்பது இருக்கும். அந்த நேரத்துக்குள் இரண்டே வரிக் கட்டளையில் வெளியே எடுத்துவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் அன்று நான்கு பத்துக்குப் பிறகு, இருநூற்றுப் பதின்மூன்று குரல்கள் போன பிறகு, ஒரே ஒரு குரல் மட்டும் அவர் காதில் பேசிக்கொண்டிருந்தது. அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, அவர் விண்டோவை மூடினார்.

பக்கத்து மேசை அக்கா பேனா கேட்க வந்தவர் நின்றுவிட்டார். “என்ன தம்பி, தண்ணி விளம்பரத்தக் கேட்டு யாராவது அழுவாங்களா?” என்று ஒரு பக்கத்து ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனா கேட்காமலே போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் அதைச் சரிசெய்தார். மூடச் சொன்ன கையோடு, உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி. மூடியிருக்காவிட்டால் அங்கேயே நின்று, எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல இன்னும் மூன்று. ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்த வழிகளைக் கடைசியில் திறந்ததிலிருந்து மூடிக்கொண்டு வர நான்கு. அழிக்கிற வரியையே எடுத்துவிட்டு, காலியாக இருந்தால் மட்டும் ஃபோல்டரை நீக்கு என்று மாற்றினார். மொத்தம் ஒன்பது வரி. ஐம்பதுதரம் ஓட்டிப் பார்த்தார். அந்த ஸ்கிரிப்டைப் பராமரிக்கிறவர்களுக்கும் அனுப்பிவைத்தார். ‘நல்ல திருத்தம். சேர்த்துக்கொண்டோம். நன்றி’ என்று மறுநாள் பதில் வந்தது. அறுபத்து மூன்றும் ஒழுங்காக மூடின. புகாரை முடித்துவைத்தாயிற்று என்று மீட்டர் பிரிவுக்கு எழுதினார்.

வீட்டில் சொல்லவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மேலாளர் அம்மாவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. அவர் நீட்டிய காகிதங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பழைய வரி, புதிய வரி, சோதனை முடிவு. படித்து முடித்துவிட்டுக் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

“உங்களுக்கு அநியாயம் பண்ணிட்டோம்” என்றார். “நான் அன்னைக்கு உங்க கையத்தான் பாத்தேன். ஸ்கிரிப்ட ஒரு தடவை திறந்து பாத்திருக்கணும்.”

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் எழுந்திருக்கப் போனபோது அந்த அம்மா நிமிர்ந்தார். என்ன இருந்தாலும் தொழில் தெரிந்தவர். “ஆனா, ஏழாம் குட்டியில அப்ப யாரும் வேலை பாக்கலையே. எந்த ஃபைல் திறந்திருந்துச்சு?”

ரெண்டுதரம் மறுபடி உட்கார்ந்தார். சொன்னார்.

“அப்ப அந்த ஒண்ணு…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார் மேலாளர்.

“ஆமா மேடம். என் கையிலதான் இருந்துச்சு. நான்தான் மூடினேன்.”

“அன்னைக்கே கேட்டுட்டு இருந்தேன்னு சொல்லியிருந்தா, நமக்கு இது அப்பவே பிடிபட்டிருக்கும்.”

“விதிய மீறினேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு மேடம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாருக்கும் நான் எழுதறேன். அது என் வேலை. ஆனா நிறைய லெட்டர் திரும்பித்தான் வரும். அந்தத் தபால்காரர்கூட இறந்துபோய் நாலு வருஷம் ஆச்சு.” வாசல்வரை கூட வந்தார். “வீட்ல சொல்லிட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“போய்ச் சொல்லுங்க.”

சனிக்கிழமை முற்பகலில் சொன்னார். மனைவி மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே, ஸ்கிரிப்ட், மவுண்ட், வாயைக் கட்டிய வரி என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவளுக்குப் பாதி புரிந்தது. போர்வையை விட்டாள். ‘அப்ப நீங்க இல்லையா?’ என்று உதடு கேட்டது.

“கை தப்பு பண்ணல” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. எட்டு வருஷத்தில் அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் சொன்னார்.

அவள் கீழே இறங்கிப் போனாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தமும் குழாய் கொட்டுகிற சத்தமும் கேட்டன. அவர் மீதித் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவள் ஈரமுகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்து, போனில் நெடுநேரம் தட்டி அவர் பக்கம் திருப்பினாள்.

‘உங்கள மன்னிச்சிட்டதா நினைச்சேன். ஆனா இத்தனை வருஷமும் உங்க கையப் பாக்கும்போதெல்லாம் ஒரு நொடி கோபம் வரும். அது உங்களுக்குத் தெரியுமா?’

“தெரியும்.”

‘கேட்டேன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?’

“நான் மட்டும் கேட்டேன். உனக்கும் பாப்பாவுக்கும் இல்லாமப் போச்சு. அத எந்த வாயால சொல்றது?”

உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் வந்து கதவருகே நின்றாள். பதினோரு வயது. முழுசும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. “அம்மா அதுல என்ன பேசினாங்க?” என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். சொல்லுங்க என்று அவள் தலையசைத்தாள்.

“உன்னப் பத்திதான் நிறைய. குளிக்க வெச்சா தண்ணியக் குடிக்கிறா, கண்டிக்கணும்னு சொன்னா. அப்புறம், ‘பாப்பா, அப்பா பூட்டுன கதவத் திரும்பிப் போய்ப் பாப்பாரு, நீ சிரிக்காத, கூடவே போ’ன்னு சொன்னா. டெலிபோன் போர்டுல அம்மாவோட பழைய சிநேகிதி இருக்காங்கல்ல, அவங்களக் கிண்டல் பண்ணா. இடையில இருமினா. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சா.”

மகள் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். எனக்கு இது போதாது என்பதுபோல, “அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுங்கப்பா” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். ‘பாப்பா’ என்று தொடங்கினார். அது அவருடைய குரலாக வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருமுறை முயன்றார். ‘லைன்ல இருங்க’ என்பதையாவது சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடித் தேடினார். வார்த்தைகள் ஒன்றுவிடாமல் இருந்தன. சத்தம் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

“வார்த்தைதாம்மா ஞாபகம் இருக்கு” என்றார். “குரல் வரல. மறந்துபோச்சு.”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் போனில் ஒரே ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினாள். ‘எனக்கும்.’

மகள்தான் எழுந்து போய் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொண்டுவந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, இங்கே ஒரு சொல்லைத் திருத்தினாள், அங்கே ஒன்றைச் சேர்த்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்தாள். ‘போதும், களைச்சுட்டேன், நிறுத்திக்கலாம்’ என்று பதிவு முடிந்ததாக அவர் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லவே இல்லை என்று அவள் கையை ஆட்டினாள். ‘சரி, வரேன்’ என்றுதான் முடித்தாளாம்.

“இல்லம்மா, களைச்சுட்டேன்னுதான் சொன்ன. நான் கேட்டேன்.”

‘நான்தானே பேசினேன்?’

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

“யாரு சொல்றத எழுதறது?” என்றாள்.